அது எங்கே பிடிக்கிறது?

1

அப்பாவும் கலியபெருமாள் சித்தப்பாவும் ஒரே மாத்திரை அட்டையை ஷிஃப்ட் போட்டு விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு ஹாம்பர்க்கில், வெளிநாட்டவர் அலுவலகத்தில், கையில் டோக்கனோடு காத்திருந்தபோது வந்தது. அம்மாதான் கூப்பிட்டாள். ஜெர்மனியில் அரசு அலுவலகத்தில் போனை எடுத்துத் தமிழில் பேசினால் சுற்றியிருப்பவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு அவர்கள் நம்மை இரண்டு அடி அடித்துவிட்டுப் போகலாம். ஆனாலும் அம்மா அந்த நேரத்தில் காரணமில்லாமல் கூப்பிட மாட்டாள். எடுத்தேன்.

“உங்கப்பா பண்ற கூத்தக் கேளு. நீ சண்டை போட்டு டாக்டர்கிட்ட அனுப்பி வச்சியே, பதினாலு நாள் மாத்திரை குடுத்தாங்களே, அதுல காலை மாத்திரை இவருக்காம். ராத்திரி மாத்திரை கலியபெருமாளுக்காம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் இவரு, செகண்ட் ஷிஃப்ட் அவரு. ரெண்டு பேரும் கமுக்கமா ஓட்டிக்கிட்டிருக்காங்க. நேத்துதான் கையும் களவுமா புடிச்சேன்.”

எனக்குத் தலை சுற்றியது. அப்பாவுக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல். இங்கிருந்தே கத்திக் கத்தித்தான் அவரை எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பினேன். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று வந்தது. இரண்டு வகை ஆன்டிபயாட்டிக், அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரை, காலையும் இரவும் தவறாமல் சாப்பிட வேண்டும். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நானும் நூறு முறை சொல்லியிருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கிருமிதான் எனக்குச் சோறு போடுகிறது. அதன் ஒரு புரதத்தை வைத்துக்கொண்டுதான் நான் இந்த ஊரில் ஆராய்ச்சி செய்கிறேன்.

அதற்குள் என் எண் திரையில் வந்துவிட்டது. உள்ளே இருந்த அம்மையார் என் தாள்களைப் புரட்டிவிட்டு, வேலை நிரந்தரமா, காலவரையறை உள்ளதா என்று கேட்டார். பதற்றத்தில் என் ஜெர்மன் குப்புறக் கவிழ்ந்துவிடும். “பாதி” என்று பதில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு வகை வேலை இந்த நாட்டில் இல்லை என்று மிகவும் பொறுமையாகச் சொன்னார்.

2

நெய்வேலியில் வளர்ந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு அதிர்ந்துபோக மாட்டார்கள். எங்கள் பிளாக்கில் காப்பித்தூள், உறைமோர், மாத்திரை மூன்றும் குவார்ட்டர்ஸ் பின்பக்க மதில் வழியாகப் போய்வரும். பர்மனெண்ட் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். யாருக்காவது காய்ச்சல் என்றால், “போன மாசம் உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தாங்களே, அந்த மஞ்சள் மாத்திரை மிச்சம் இருக்கா?” என்று மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் வரும். மிச்சம் இருக்கும். காய்ச்சல் நின்ற பிறகும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பது வீண் என்பதும், வைத்திருந்தால் யாருக்காவது உதவும் என்பதும் எங்கள் டவுன்ஷிப்பின் வைத்திய ஞானம். அரியலூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர் என்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஜில்லா. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி.

அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மைன்ஸுக்கு வேலைக்கு வந்தவர். கன்வேயர் பிரிவில் ஃபோர்மேனாக ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஊருக்குத் திரும்பாமல், பக்கத்திலேயே வடக்குத்து என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டார். அங்கே இரண்டாவது தெருவில்தான் கலியபெருமாள் சித்தப்பாவின் வீடு. அவர் வடக்குத்துக்காரர். அவருடைய அப்பா அம்மா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர் காண்ட்ராக்டில் மைன்ஸுக்குள் போனார். கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே கொட்டுகிற மண்ணையும் கரியையும் அள்ளி மறுபடி மேலே போடுகிற வேலை. அப்பாவின் பிரிவில் பல வருஷம். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், மேஸ்திரிகள் மாறினார்கள், சித்தப்பாவின் மண்வெட்டிதான் மாறவில்லை. அப்பாவை ‘அண்ணே’ என்பார். அதனால் எனக்குச் சித்தப்பா. இரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது.

மனிதருக்கு வாயைத் திறந்தால் கேள்விதான். சின்ன வயதில் நான் பள்ளிக்கூடப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தால் அப்பாவைப் பார்க்க வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த எலெக்ட்ரான யாரு எண்ணிப் பாத்தது?” என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். பரீட்சையில் அதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்பேன்.

3

ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விசாரணை நடத்தினேன்.

“அப்பா, இது என்ன மாம்பழமா, ஆளுக்குப் பாதி அறுத்துத் தின்ன?”

“எனக்கு எரிச்சல் நின்னுடுச்சும்மா. அவனுக்கும் நின்னுடுச்சு. மருந்து வேலை செய்யுதுல்ல?” என்றார் அப்பா, ஏதோ நோபல் பரிசு வாங்கிய மாதிரி.

“எரிச்சல நிறுத்துனது அமில மாத்திரை. கிருமி அரைகுறை மருந்தைக் குடிச்சிட்டு, பழகிக்கிட்டு, தெம்பா உட்கார்ந்திருக்கும். இப்ப முதல்லேர்ந்து வேற மருந்து சாப்பிடணும்.”

சித்தப்பா முகத்தைக் கேமராவுக்கு ரொம்பக் கிட்டக் கொண்டுவந்தார். “கோவப்படாத பாப்பா. நாந்தான் கேட்டு வாங்குனேன். அந்தக் கிருமி உள்ள எங்க குந்திகினு இருக்குது?”

திட்ட வந்தவளுக்குப் பாடம் எடுக்கிற வேலை வந்துவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். இங்கே என் வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கணவருக்குக் கம்ப்யூட்டர். மகள் மீராவுக்குப் பதினாலு வயது, அம்மா சொல்லும் எதுவும் அவளுக்குச் சுவாரசியமில்லை.

இரைப்பையின் உள்சுவர் மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கிறது. நம் வயிற்றமிலம் நம்மையே செரித்துவிடாமல் காப்பது அதுதான். இந்தச் சுருள் கிருமி அமிலத்தைச் சமாளித்துக்கொண்டு அந்தப் படலத்துக்குள் துளைத்துப் போய்க் குடியிருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டாரிடமிருந்தே தொற்றிவிடும். நம் ஊரில் மிகப் பலர் வயிற்றில் உண்டு. முக்கால்வாசிப் பேருக்கு அது இருப்பதே தெரியாமல் ஆயுள் முடிந்துவிடும். சிலருக்குப் புண் வருகிறது. மிகச் சிலருக்குப் புற்றுநோய் வருகிறது.

அந்த மிகச் சிலருக்கு ஏன் வருகிறது என்பதற்கு ஒரு விடை, இந்தக் கிருமியில் சில வகைகளிடம் உள்ள காக்-ஏ என்ற புரதம். கிருமி ஊசி போன்ற ஒன்றால் நம் செல்லைக் குத்தி அதை உள்ளே தள்ளிவிடும். நம் செல்லுக்குள் பி53 என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது. செல் பழுதாகிவிட்டது என்று தெரிந்தால் ‘நீ செத்துப்போ’ என்று உத்தரவு போடுவது அதன் வேலை. அந்த உத்தரவு போடத் தூண்டிவிடுகிற கூட்டாளி ஒன்று உண்டு, பெயர் ஏஎஸ்பிபி2. உள்ளே வந்த காக்-ஏ இந்தக் கூட்டாளியைத்தான் பிடிக்கிறது. பிடிபட்ட கூட்டாளி வழக்கம்போல பி53ஐச் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் இப்போது நடப்பது தலைகீழ். பி53 வேலையைச் செய்யாமலே சிதைந்துபோகிறது. சாக வேண்டிய செல் சாகாமல் நிற்கிறது.

நான் இதைச் சொல்லி முடித்ததும் சித்தப்பா கேட்டார்: “அது எங்க புடிக்குது பாப்பா? கையையா, கழுத்தையா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. எங்கள் துறையில் பல பேர் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. நாங்கள் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால்தான் வேறொரு நாட்டுக் குழு இரண்டு புரதத்தையும் பிடித்தபடியே படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தது. அந்தப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். காக்-ஏவில் மூன்று சுருள்கள் கூடுகிற இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் நம் புரதத்தின் ஒரு சின்னத் துண்டு போய்ப் படுத்திருக்கிறது.

“இந்தத் துண்டு தனியா இருக்கும்போது அதுக்கு உருவமே கிடையாது சித்தப்பா. தளதளன்னு அசைஞ்சிக்கிட்டே இருக்கும். பள்ளத்துல மாட்டுன பிறகுதான் சுருண்டு ஒரு வடிவத்துக்கு வருது.”

“கன்வேயர்ல பெல்ட் ஜாயிண்ட் போடற மாதிரி” என்றார் அப்பா.

“இல்லப்பா. பெல்ட் ரெண்டு பக்கமும் ஏற்கெனவே பெல்ட்டாத்தானே இருக்கும்? இது அப்படி இல்ல.”

சித்தப்பா அப்பாவைக் கையமர்த்தினார். “இரு அண்ணே. புடிபட்டப்பறம்தான் உருவமே வருதா?” படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அடுத்த கேள்வி. “செரி, இவ்ளோ வேலை பாக்குதே, அதுக்கு என்னா லாபம்? ஆளு செத்தா அதுவும் சேந்துதான சாவும்?”

“அதுக்குப் புத்துநோய் வேணும்னு இல்ல. தான் உட்கார்ந்திருக்கிற செல்லு சீக்கிரம் செத்து உதிர்ந்துட்டா அதுக்கு இடம் போயிடும். அதனால சாகவிடாம வச்சிக்கிது. அப்படித்தான் நாங்க நெனைக்கிறோம். நம்ம உயிர் போறது அதோட கணக்குலயே இல்ல.”

“அட கெரகமே!” என்று உளமாரப் பாராட்டினார். “நீங்க என்னா பண்றீங்க?”

“அந்தப் பள்ளத்துல வேற ஏதாவது சின்னதா செருகிட்டா நம்ம ஆள் மாட்டாம தப்பிச்சிடுமான்னு பாக்கறோம்.”

“தப்பிச்சிடுமா?”

“இன்னும் எதுவும் சரியா பொருந்தல.”

அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டியவர், நடுவில் என் வேலை பர்மனெண்டா என்று விசாரித்தார். இல்லை, காண்ட்ராக்ட்தான், இரண்டிரண்டு வருஷமாகப் புதுப்பிப்பார்கள், வேலை முடிந்தால் விசாவும் முடிந்துவிடும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “இவ்ளோ படிச்சிட்டா காண்ட்ராக்டு?” என்று அப்பாவின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு ஒரு பக்கம் எரிந்தாலும் நானும் சிரித்துவிட்டேன்.

அந்த நேரம் மீரா பின்னால் குறுக்கே போனாள். தாத்தாக்களைப் பார்த்து ‘மொய்ன்’ என்றாள். இந்த ஊர்க்காரர்கள் காலை மாலை எந்நேரமும் சொல்லும் வணக்கம் அது. “என்னா சொல்லுது புள்ள?” என்றார் சித்தப்பா. நான் மொழிபெயர்த்தேன். என் மகள் பேசுவதை என் சித்தப்பாவுக்கு நான் மொழிபெயர்க்கும் நிலை எப்போது வந்தது என்று தெரியவில்லை. தமிழ் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஜெர்மனில் வரும்.

4

கணினியை மூடியதும் மீரா ஜெர்மனில் கேட்டாள்: “அந்தத் தாத்தா ஏன் வேற யாரோட சட்டையையோ போட்டிருக்கார்?”

“அது அவர் சட்டைதான்.”

“இல்லை. கழுத்துல ஒரு கையே நுழையற மாதிரி இருக்கு.”

போன தீபாவளிக்கு அம்மா அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தேன். அதே கட்டம் போட்ட சட்டை. அதில் கழுத்துப் பட்டன் பிதுங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்தபடி புரதத்தின் கழுத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர் கழுத்தைப் பார்க்கவில்லை. அவரோடு பழகாத என் மகளுக்கு அது முதலில் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவர் போனுக்கே அடித்தேன். பசி எடுக்கிறதா, எடை குறைந்ததா என்று கேட்டுவிட்டு, கூச்சத்தை விட்டு, மலம் எந்த நிறத்தில் போகிறது என்றும் கேட்டேன்.

“பாப்பா, இதெல்லாம் போயி பொம்பளப் புள்ள கேக்கலாமா?” என்று நெளிந்தார்.

“சொல்லுங்க சித்தப்பா.”

“கறுப்பாத்தான் போவுது. எம்மாம் நாளா கரிய முழுங்கிகினு இருக்கோம், வேற எப்புடிப் போவும்?”

சோறு வெள்ளையாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். உண்மையைச் சொன்னால், ஒரு கணம் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கரித்தூசியோடு வளர்ந்தவள் நான். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும். காது துடைத்தால் கறுப்பு. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். மூக்கில் வருகிறது, காதில் வருகிறது, அங்கே மட்டும் வராதா என்று ஒரு மைன்ஸ்காரர் நினைத்தால் அதில் என்ன தப்பு? வெளியூர் டாக்டருக்கு இப்படி ஒருவர் நினைப்பார் என்று தோன்றவே தோன்றாது. அவர் கேட்க மாட்டார், இவரும் சொல்ல மாட்டார்.

“தார் மாதிரி ஒட்டுதா?”

“ஆமா.”

“லீவு நாள்ல?”

“லீவுலயும் அப்புடித்தான்.”

“சித்தப்பா, நீங்க அள்ளறது பழுப்புக் கரி. தூசியா மூக்குல கறுப்பா தெரிஞ்சாலும் தண்ணியில கரைச்சா பழுப்பாத்தான இருக்கும்? தார் மாதிரி கறுப்பா போறது கரி இல்ல. ரத்தம். உள்ள கசிஞ்சி, செரிச்சி, கறுப்பாகி வருது.”

“அப்புடியா சேதி” என்று மட்டும் கேட்டது.

5

எண்டோஸ்கோப்பிக்குப் போகச் சொன்னேன். போகமாட்டேன் என்றுவிட்டார்.

காரணம் கேட் பாஸ். சுரங்கத்துக்குள் போகக் காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாஸ் வேண்டும். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். யார் பெயரைக் கொடுப்பது என்பது அந்தந்த மேஸ்திரியின் கையில். வயிற்றில் கோளாறு, ரத்தம் போகிறது என்று காதில் விழுந்தால் போதும், அடுத்த தடவை சித்தப்பாவின் இடத்தில் வேறொருவர் நிற்பார். காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தரும் வைத்திய அட்டை அவரிடம் இருந்ததுதான். அதைக் கொண்டுபோய் நீட்டினால் விஷயம் மேஸ்திரிக்குப் போய்விடும் என்று பயம். அப்பாவிடம் பாதி மாத்திரை வாங்கி ரகசியமாக விழுங்கியதும் இதனால்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன மகள் டிப்ளமோ முடிக்கவில்லை. தானே புயலில் முந்திரித் தோப்புகள் அழிந்ததிலிருந்து சித்திக்கும் முந்திரி வேலை சரியாக இல்லை. வீட்டில் நிலையான வருமானம் அந்தப் பாஸ் ஒன்றுதான்.

“ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிகினு ஓட்டிட்டா புள்ள வேலைக்குப் போயிடும் பாப்பா. அப்பறம் நீ எந்த டியூப வேணா வுடு.”

எனக்குக் கோபம் வந்தால் வாய் தடித்துவிடும். “செத்தா மட்டும் பாஸ் குடுப்பாங்களா?” என்று கத்திவிட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். விஷயம் அம்மாவுக்குப் போய், அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “அங்க உக்காந்துகிட்டு நீ சுலபமா பேசிடுவ. அவரு ஒரு நாள் போகலைன்னா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா?” தெரியாதுதான். ஆனால் தெரிந்திருந்தாலும் அதையேதான் கத்தியிருப்பேன்.

ஒரு வாரம் பேச்சில்லை. லேபில் எதைத் தொட்டாலும் எரிச்சலாக வந்தது. அப்பா புது மருந்தைத் தனியாக, அம்மாவின் காவலில், இரண்டு வேளையும் விழுங்க ஆரம்பித்திருந்தார். அது ஒன்றுதான் ஆறுதல்.

பிறகு ஒருநாள் சித்தப்பாவே கூப்பிட்டார். கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

“பாப்பா, அந்த டியூபு மொனையில கேமரா இருக்குதுன்னு அண்ணன் சொல்லுது. நெஜமா?”

“நெஜந்தான்.”

“உள்ள இருக்கறதெல்லாம் டி.வி.ல தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்குக் காட்டுவாங்களா?”

“தூக்க ஊசி போடாம, தொண்டைக்கு மட்டும் மரத்துப்போற மருந்து அடிச்சிப் பண்ணா பாக்கலாம். டிவி கண்ணுக்கு நேராத்தான் இருக்கும். டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.”

“அப்ப போறேன். பொறந்ததுலேர்ந்து சோறு போட்டுகினு இருக்கேன், அது எப்புடி இருக்குதுன்னு ஒரு தரம் பாத்துடறேன்.”

நான் விஞ்ஞானம் சொன்னேன், பயமுறுத்தினேன், கத்தினேன், ஒன்றுக்கும் அசையவில்லை. இதற்கு அசைந்தார். நெய்வேலி வேண்டாம், கடலூரும் வேண்டாம், தெரிந்த முகம் இருக்கும் என்று புதுச்சேரியில் ஒரு தனியார் டாக்டரை அப்பா பார்த்து வைத்தார். சித்தப்பாவுக்கு வார ஓய்வு வியாழக்கிழமை. மேஸ்திரிக்குத் தெரியாமல் போய்த் தெரியாமல் வந்துவிடுவது என்று இருவரும் வடலூரில் பஸ் ஏறினார்கள்.

6

அந்த வியாழக்கிழமை நான் நுண்ணோக்கியில் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புரதக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வைத்து எதில் படிகம் வளர்கிறது என்று பார்க்கும் வேலை. பெரும்பாலான சொட்டில் ஒன்றுமே இருக்காது. போன் அதிர்ந்தது. அப்பாவின் எண், பேசியது சித்தப்பா. பின்னால் பஸ் ஹாரன் சத்தம். தொண்டை மரத்துப்போனது இன்னும் தெளியாமல் குரல் குழறியது.

“பாப்பா, பாத்துட்டேன்!”

“எப்படி இருந்துச்சு?”

“மொதல்ல தொண்ட. செவசெவன்னு ஈரமா. கொமட்டிகினே இருந்துச்சு, கண்ணுல தண்ணி. ஆனாலும் நான் கண்ண மூடல. அப்பறம் உள்ள போச்சு பாரு, எம்மாம் பெருசு! மடிப்பு மடிப்பா, பளபளன்னு. இத வச்சிகினு நான் வெறும் பழையதா போட்டுகினு இருந்திருக்கேன்னு கேவலமா போச்சு.” சிரித்தார். நானும் சிரித்தேன். “டாக்டரு நல்ல மனுசன். இது மேல் பக்கம், இது கீழ்ப் பக்கம்னு சொல்லிகினே போனாரு. வாயில டியூபு, என்னால கேக்க முடியல. அப்பறம் ஒரு எடத்துல நின்னாரு.”

“ம்.”

“ஓரமா ஒரு மேடு. நடுவுல குழி. அது நல்லா இல்ல, எனக்கே தெரிஞ்சிது. இன்னொரு தரம் பாக்கலாம்னு பாக்கறேன், அவரு டி.வி.ய அந்தப் பக்கம் திருப்பிட்டாரு. அதுக்கப்பறம் ஒண்ணும் சொல்லல. டெஸ்டுக்குத் துண்டு எடுத்திருக்கேன், ரிசல்ட் வரட்டும்னாரு. எதுக்கு பாப்பா திருப்புனாரு?”

அப்பா பக்கத்தில்தான் இருந்திருப்பார்.

ரிசல்ட் வரட்டும் என்று நானும் சொல்லியிருக்கலாம், அதுதான் முறை. ஆனால் இந்தக் கிருமியைப் பற்றி இந்த மனிதர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் மழுப்பியதில்லை. கிருமி எங்கே பிடிக்கிறது என்பதற்குப் படம் போட்டுக் காட்டியவள், இதற்கு மட்டும் எப்படித் திருப்பிக்கொள்வேன்?

“கேன்சரா இருக்குமோன்னு சந்தேகப்பட்டிருப்பாரு சித்தப்பா.”

“நீ என்னா நெனைக்கிற?”

“நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்.”

பஸ் ஒன்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

“அப்ப அது புடிச்சிடுச்சு” என்றார்.

“எப்பவோ புடிச்சிருக்கும். ஆனா இன்னும் பரவாம இருந்தா வெட்டி எடுத்துடலாம். நாள் கடத்தக் கூடாது. நிஜமா சொல்றேன், பிழைச்சிக்கலாம்.”

“பாஸு?”

“போயிடும் சித்தப்பா.” எனக்கு அழுகை வந்துவிட்டது. லேபில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ எதுக்கு அழுவற? கேட்டேன், சொன்ன. அவ்ளோதான.” பிறகு குரல் தள்ளிக் கேட்டது. அப்பாவிடம் பேசுகிறார். “அண்ணே, வூட்டுக்கு நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத.”

7

ரிசல்ட்டில் அதுதான் வந்தது. பரவியிருக்கவில்லை. புதுச்சேரியிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு இணைத்தார்கள். அப்பாதான் கூட இருந்தார். தான் கொடுத்த மாத்திரை வலியை அமுக்கி, நோயை மறைத்துவிட்டதோ என்று அவருக்கு ஒரே அரிப்பு. சில நாள் மாத்திரையால் ஒன்றும் ஆகிவிடவில்லை, இது பல வருஷத்து வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் மறுபடி கேட்பார். அப்பாவின் வயிற்றிலிருந்து கிருமி போய்விட்டது என்று பரிசோதனையில் வந்த நாளில்கூட அவர் சந்தோஷமாகப் பேசவில்லை.

மேஸ்திரி நேரில் வந்து பார்த்து, ஹார்லிக்ஸ் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாராம். பாஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது சித்தப்பாவின் பெயர் போகவில்லை.

அடுத்த கோடை விடுமுறைக்கு மீராவை அழைத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். என் காண்ட்ராக்டை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்திருந்தார்கள். சித்தப்பா இளைத்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. ஒரு தடவையில் ஒரு இட்லிக்கு மேல் இறங்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள் சித்தி. வாசலில் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்தார்.

“இன்னும் அதே கிருமிதானா பாப்பா?”

“அதேதான் சித்தப்பா.”

“பள்ளத்துல செருகறது ஒண்ணு தேடிகினு இருந்தீங்களே, பொருந்துச்சா?”

“ஒண்ணு கொஞ்சம் ஒட்டுது. ஆனா நிக்க மாட்டேங்குது.”

“எவ்ளோ நேரம் நிக்குது?” என்று தொடங்கி விடாமல் கேட்டார். வடக்குத்தில் ஒரு வாசலில் உட்கார்ந்து, எந்த அமினோ அமிலத்தை மாற்றினால் பிடி தளர்கிறது என்று நான் கையை வளைத்து வளைத்துக் காட்டினேன். மீரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை.

தெருவில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து காண்ட்ராக்ட் ஆட்கள் சைக்கிளிலும் டிவிஎஸ்ஸிலும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேர் கையசைத்தார்கள். சித்தப்பா பேச்சை விட்டுவிட்டு, கடைசி வண்டி தெருமுனை திரும்புகிறவரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மீரா, நான் சொல்லிக்கொடுக்காமல், தானாகத் தமிழில் கேட்டாள். “தாத்தா, வயிறு இப்போ வலிக்குதா?”

“வயித்துக்கு ஒண்ணும் இல்ல கண்ணு” என்றார் சித்தப்பா. “பாதிய வெட்டுனாங்க, பாதி இருக்குது. வேலதான் முழுசா போயிடுச்சு.”